கறிவேப்பிலைய யாரு சாப்பிடுறாங்க?

கேள்வி: ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன வருஷத்துல இருந்து நாங்க குடும்பத்தோட நம்ம ஊரு சாப்பாட்டுக்கு மாறிட்டோம். மொட்டைமாடியில 42 தொட்டி வெச்சிருக்கேன். தூதுவளை, பிரண்டை, முடக்கத்தான், கற்பூரவல்லி, ரோஸ்மேரி எல்லாம் இருக்கு. ஆனா நிம்மதிதான் இல்ல. கறிவேப்பிலைய பச்சைப்புழு மொட்டையடிக்குது, அணில் மண்ணத் தோண்டுது, தொங்குற தொட்டியில சின்னான் குருவி கூடு கட்டிருக்கு, ராத்திரி மரநாய் வந்து பப்பாளிய தின்னுட்டுப் போகுது, போன வாரம் தண்ணி டேங்க் பக்கத்துல ஒரு சாரைப்பாம்பு வேற. புழுவுக்கு ஸ்ட்ராங்கா ஒரு மருந்து சொல்லுங்க, மத்ததுக்கு பொறி எங்க கிடைக்கும்னு சொல்லுங்க. ரோஸ்மேரி ஏன் கருகிப்போகுதுன்னும் சொல்லவும். (போட்டோ இணைச்சிருக்கேன்.)
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: போட்டோ எல்லாத்தையும் பார்த்தேங்க. தோட்டம் அழகா இருக்கு, தொட்டிக்கெல்லாம் பேரு எழுதி ஒட்டியிருக்கீங்க, சந்தோஷம். ஆனா ஒரு போட்டோல பின்னாடி உங்க கிச்சன் மேடையும் விழுந்திருக்கு, அதுல ஆப்ல ஆர்டர் பண்ணின கறிவேப்பிலை பாக்கெட் ஒண்ணு பிரிச்சபடி கிடக்கு. பத்து படி ஏறினா மரம் நிக்குது, நீங்க பாக்கெட் வாங்குறீங்க. ஆக, உங்க வீட்டுக் கறிவேப்பிலைய ஒழுங்கா சாப்பிடுற ஒரே ஜீவன் அந்தப் புழுதான், அதையும் கொல்ல மருந்து கேக்குறீங்க!

அந்தப் புழு யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. சின்னதா இருக்கும்போது இலை மேல காக்கா எச்சம் விழுந்த மாதிரியே இருக்கும், பழுப்பும் வெள்ளையுமா, நீங்க கண்டிப்பா அத எச்சம்னுதான் நினைச்சு விட்டிருப்பீங்க. கடைசியா தோல் உரிச்சதும்தான் பச்சையா மாறி உங்க கண்ணுல படுது. ஒரு ஈர்க்குச்சியால லேசா தொட்டுப் பாருங்க, தலைக்குப் பின்னாடி இருந்து பாம்பு நாக்கு மாதிரி ரெட்டையா ஒண்ணு சிவப்பா வெளிய வரும், கூடவே ஒரு கெட்ட நாத்தம், அவ்ளோதான் அதோட ஆயுதம், கடிக்காது கொட்டாது. வளர்ந்து பறந்தா கறுப்பு நிறத்துல ஒரு வண்ணத்துப்பூச்சி. பட்டாம்பூச்சிய கவனிக்கிறவங்க தமிழ்ல அதுக்கு வெச்சிருக்கிற பேரே கறிவேப்பிலை அழகி. கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடி, அதுக்கு வேண்டியது அந்தக் குடும்பம்தான், கீரை வாங்கிப் போட்டாலும் தொடாது. நம்ம ஊரு சாப்பாடு தவிர வேற எதையும் தொடமாட்டேன்னு அதோட கொள்கை நம்ம கொள்கைய விட கெட்டி.

இன்னொரு விஷயம், இந்த அழகியில பொம்பளைப் பூச்சிங்க நிறைய சிவப்புப் புள்ளியோட வேற ஒரு பூச்சி மாதிரியே வேஷம் போட்டுட்டு திரியும். அந்த வேற பூச்சி ஆடுதின்னாப்பாளைய தின்னு வளர்றது, ஆடே தொடாத இலைன்னா எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க, அதனால அது உடம்பெல்லாம் விஷம், பறவைங்க வாயில வைக்காது. நம்ம கறிவேப்பிலைக்காரிக்கு விஷம் கிடையாது, வேஷம் மட்டும்தான். இவ்ளோ கஷ்டப்பட்டு குருவிகிட்ட தப்பிச்சு வர்றத நீங்க ஸ்ப்ரேயர்ல அடிச்சுக் கொல்லப்போறீங்க.

மருந்து அடிச்ச இலைய அப்புறம் என்ன பண்ணுவீங்க, ரசத்துலதானே போடுவீங்க? கடைக் கறிவேப்பிலையில பூச்சிமருந்து ஜாஸ்தியா இருக்குன்னு ஐரோப்பாக்காரன் நம்ம ஊரு கறிவேப்பிலைய தனியா நிறுத்தி டெஸ்ட் பண்ணி உள்ள விட்டான். அந்தக் கதைய மாடியிலயே ஆரம்பிக்கணுமா? எங்க ஆச்சி பண்ணினதுதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம், புழுவ இலையோட கிள்ளி கொல்லைப்பக்கம் நிக்கிற நார்த்தை மரத்துல விட்டுடுவாங்க, "அங்க போய் தின்னு" அப்படின்னு ஒரு திட்டும் போடுவாங்க. உங்ககிட்ட நார்த்தை இல்ல, சரி, 42 தொட்டி வெச்ச கைக்கு இன்னொரு கறிவேப்பிலைக் கன்னு பெருசில்ல, அது புழுவோட பங்குன்னு விட்டுடுங்க. அப்புறம் உங்க மரத்துல இலை இலையா உருவாதீங்க, கொத்தோட நுனிய ஒடிங்க, ஒடிச்ச இடத்துக்குக் கீழ ரெண்டு மூணா கிளைக்கும், வாரம் ஒருக்கா புளிச்ச மோர் கரைச்சு ஊத்துங்க. தினம் சமையலுக்கு ஒடிக்கிற செடிய புழு மொட்டையடிச்சு நான் பாத்ததில்ல, ஏன்னா முட்டை வெச்ச தளிர் பாதி நம்ம தாளிப்புக்கே போயிடும் (சைவக்காரங்க இத ரொம்ப யோசிக்க வேணாம்).

பிரண்டை போட்டோவும் பாத்தேன், கம்பிய சுத்தி மாலை மாதிரி படர்ந்திருக்கு, முத்திப்போய் கட்டையாவே ஆயிடுச்சு. எப்ப கடைசியா பறிச்சீங்க? நுனியில பிஞ்சா நாலு கணு வரைக்கும்தான் துவையலுக்கு. கையில நல்லெண்ணெய் தடவிக்கோங்க, இல்லன்னா அரிப்பு தாங்காது. கணுவ வெட்டித் தள்ளிட்டு, ஓரத்து நாரை உரிச்சு, சின்னதா நறுக்கி, நல்லெண்ணெய்ல பச்சை நிறம் போய் சுருங்குற வரைக்கும் பொறுமையா வதக்கணும், அப்புறம் வறுத்த உளுத்தம்பருப்பு, வரமிளகாய், புளி கொஞ்சம் தூக்கலா, உப்பு, அரைச்சு எடுத்தா சுடுசோறுக்கு வேற எதுவும் வேணாம். வதக்குறதுல அவசரப்பட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும், ஒரு ஞாயித்துக்கிழமை நானே சமைக்கிறேன்னு கிளம்பி அரைவேக்காடா இறக்கிட்டேன், சாயங்காலம் வரைக்கும் வீட்ல எல்லாரும் தொண்டைய செருமிக்கிட்டே உக்காந்திருந்தாங்க, யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. முடக்கத்தான ஊறவெச்ச புழுங்கலரிசியோட அரைச்சு தோசை, கற்பூரவல்லியில பஜ்ஜி, தூதுவளைய முள்ளு எடுத்துட்டு ரசம். இதெல்லாம் சாப்பிட நல்லாருக்கும், அதுக்காக சாப்பிடுங்க. வாட்ஸப் பாத்துட்டு சுகர் மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க.

இப்ப பொறி விஷயம். நீங்க இருக்கிறது மடிப்பாக்கம், கூப்பிடு தூரத்துல பள்ளிக்கரணை சதுப்புநிலம், உலக அளவுல முக்கியமான சதுப்புநிலங்களோட ராம்சார் பட்டியல்ல 2022ல சேர்ந்த இடம். 'நாமதான் அவங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி'ன்னு கவிதை எல்லாம் நான் எழுதப்போறதில்ல, இஎம்ஐ கட்டுறவங்களுக்கு அந்தக் கவிதை எரிச்சலாதான் இருக்கும். ஆனா சதுப்புநிலம் பக்கம் வீடு வாங்கிட்டு பாம்பு வருதுன்னா, மெரினா பக்கத்துல வீடு வாங்கிட்டு காத்து உப்பா இருக்குன்னு சொல்றதுதானே? சாரைக்கு விஷம் கிடையாது, அது உங்க டேங்க் பக்கம் வந்தது எலிக்கு. சாரையும் நல்லபாம்பும் ஜோடி சேரும், அதனால பின்னாடியே நல்லபாம்பு வரும்னு யாராவது சொல்லியிருப்பாங்க, அது சும்மா கதை, நம்பாதீங்க. அதுக்காக என்ன பாம்புன்னு கிட்டப் போய் உத்துப் பாக்கவும் வேணாம், தள்ளி நின்னு வனத்துறைக்கு போன் போடுங்க. பாம்ப அடிக்கிறதும் மரநாய்க்கு பொறி வைக்கிறதும் 1972 வனவிலங்குச் சட்டத்துல குத்தம், பொறி எங்க கிடைக்கும்னு பத்திரிகையில கேட்ட முதல் ஆளு நீங்களாதான் இருக்கும்.

மரநாய் பேருலதான் நாய், நாய்க்கும் அதுக்கும் சொந்தமே இல்ல. ராத்திரி மட்டும் நடமாடும், பழம்னா உயிர். மலேசியாவுல அத முசாங் பாண்டான்னு சொல்வாங்க, பாண்டான்னா பிரியாணிக்கு வாசனைக்காகப் போடுற ரம்பை இலை, அது போன வழியில அந்த வாசனை வரும்னுதான் அந்தப் பேரு. நடுராத்திரி மாடியில யாரோ பிரியாணி தம் போடுற மாதிரி வாசம் வந்தா பயப்படாதீங்க. பப்பாளி லேசா மஞ்சள் தட்டும்போதே பறிச்சு பேப்பர்ல சுத்தி வீட்டுக்குள்ள பழுக்க வைங்க, இல்ல காயாவே கூட்டு வைங்க, நம்ம ஊரு சாப்பாடுதானே. பரண்ல வந்து தங்குதுன்னா அது வெளிய கிளம்பின ராத்திரியில ஓட்டைய அடைங்க, அதுக்கு முன்ன உள்ள குட்டி இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க.

எலிக்கு விஷம் மட்டும் வைக்காதீங்க. எங்க தெருவுல ஒரு கூகை இருந்தது, ஆந்தை வகைதான், வெள்ளை மூஞ்சி, ராத்திரி எட்டு மணிக்கு மேல எதிர்வீட்டு மாடிச் சுவர்ல வந்து உக்காரும். நான் எலிக்கு கேக்கு மாதிரி விஷக்கட்டி வாங்கி வெச்சேன், எலி நின்னுச்சு, அப்புறம் கூகையும் வரல. என்னாலதான்னு கோர்ட்ல நிரூபிக்க முடியாது, ஆனா விஷம் தின்ன எலிய தின்னா கூகையும் சாகும்ங்கிறது கடைக்காரர் சொல்லாத விஷயம்.

அணிலுக்கு, தொட்டி மண்ணு மேல கூழாங்கல்லு பரப்புங்க, தோண்டாது. தேங்காய்நார் பரப்பலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கூடு கட்ட அத உருவிட்டுப் போறதுக்குன்னே வரும், எங்க வாசல் மிதியடியில பாதி இப்ப வேப்பமரத்து உச்சியில இருக்கு. சின்னான் கூட்டத் தொடாதீங்க, முட்டை பொரிச்சு குஞ்சு பறக்க எல்லாம் சேத்து ஒரு மாசம்கூட ஆகாது, அதுவரைக்கும் அந்தத் தொட்டிக்கு ஓரமா தண்ணி விடுங்க. குருவிக்கு தண்ணி வெச்சிருக்கிற மண்சட்டிய தினம் கழுவி மாத்துங்க, போட்டோல அதுல பாசி தெரியுது, அப்படியே விட்டா குருவிக்கு முன்ன டெங்கு கொசுதான் குடியேறும்.

ரோஸ்மேரிக்கு வர்றேன். அது மத்தியதரைக்கடல் கரையில, பாறை மண்ணுல, காத்து காய்ஞ்ச இடத்துல வளர்ற செடி. நீங்க அத மடிப்பாக்கத்துல மொட்டைமாடியில வெச்சு, காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தி, தட்டுல தண்ணி தேங்க விட்டிருக்கீங்க, மேல புழுக்கம், கீழ வேரு அழுகல். மண்ணோட பாதிக்குப் பாதி மணல் கலந்து, தட்ட எடுத்துட்டு, மண்ணு நல்லா காய்ஞ்ச பிறகு மட்டும் தண்ணி விட்டா பொழைக்கலாம். பொழைக்கலன்னா அந்தத் தொட்டியில கறிவேப்பிலைக் கன்னு வைங்க, புழுவுக்கு ஒண்ணு தரணும்னு மேல சொன்னேனே, அது.