ஃபிராங்கி மேனிங் யார்? நடனம் அவருடைய குடும்பத்தில் வந்ததா?

ஆமாம், வீட்டிலிருந்தே வந்தது. அமெரிக்க நடனக் கலைஞரான ஃபிராங்கி மேனிங் 1914-ல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பிறந்தார். மூன்று வயதில் அம்மாவோடு நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் குடிபெயர்ந்தார். அம்மாவும் ஆடுபவர்தான். கோடை விடுமுறையில் தென் கரோலினாவில் அப்பா வீட்டுப் பண்ணைக்குப் போவார். சனிக்கிழமைகளில் பண்ணையாட்கள் திண்ணையில் கூடி இசை வாசிக்க, "நீயும் போய் ஆடு" என்று பாட்டி அனுப்பி வைப்பாராம்.

ஆனால் அம்மாவோ, "உடம்பு விறைப்பா இருக்கு, உனக்கு ஆட்டம் வராது" என்று சொல்லிவிட்டார். பையன் விடவில்லை. அறைக்குள் இசைத்தட்டு போட்டு, துடைப்பத்தையே ஜோடியாகப் பிடித்து ஆடிப் பழகினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் பிடிவாதம்தான்.

அப்புறம் ஹார்லெமில் இருந்த சவாய் நடன அரங்கம். நிறவெறி கடுமையாக இருந்த காலத்திலும் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடிய இடம் அது. அங்கே வளர்ந்ததுதான் லிண்டி ஹாப் என்ற, ஜாஸ் இசைக்கு ஆடும் ஜோடி நடனம். 1935-ல் ஒரு போட்டியில், ஜோடியாக ஆடிய ஃபிரீடா வாஷிங்டனைத் தன் முதுகின் மேலாகப் புரட்டி முன்னால் இறக்கினார் மேனிங். லிண்டி ஹாப்பில் அந்தரத்தில் புரளும் அசைவு அப்படித்தான் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போரில் ராணுவ சேவை முடித்துத் திரும்பியபோது ரசனை மாறியிருந்தது. சில ஆண்டுகள் சொந்தக் குழு நடத்தினார். பிறகு தபால் துறையில் சேர்ந்து முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். 1980-களில் இளைஞர்கள் தேடி வர, மறுபடி கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 1989-ல் நடனம் வடிவமைத்ததற்காக, அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது. மகன் சாஸ் யங்கும் நடனக் கலைஞரே. 2009-ல், 95-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு மேனிங் காலமானார்.