கீவ் நகரத்துக்கு ஏன் இரண்டு தலைவர்கள்?

தம்பி, வேலைக்காக உக்ரைன் தலைநகர் கீவ் வந்திருக்கிறீர்கள். மேயர் ஒன்று சொல்கிறார், ராணுவ நிர்வாகத் தலைவர் வேறொன்று சொல்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். இங்கேயே குடும்பமாகிவிட்ட நான், முன்னாள் மேயர் ஒலெக்சாந்தர் ஒமெல்சென்கோவிலிருந்து தொடங்குகிறேன்.

அவர் கட்டுமானத் துறைக்காரர். 1996-ல் ஜனாதிபதி குச்மா அவரை நகர நிர்வாகத் தலைவராக நியமித்தார். மேலிருந்து வந்த பதவி. மேலிருப்பவர் நினைத்தால் போய்விடும். 1999-ல் மேயர் தேர்தல் வந்தது. எதிரே நின்றவர் டைனமோ கீவ் கால்பந்துக் கழகத்தின் பெரும்புள்ளி சுர்கிஸ், லேசுப்பட்ட ஆளில்லை. ஆனாலும் ஒமெல்சென்கோ நாலில் மூன்று பங்குக்கும் மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மேயரைத்தான் நிர்வாகத் தலைவராக நியமிக்க முடியும் என்று 2003-ல் அரசியல் சாசன நீதிமன்றமும் சொன்னது. இந்த நகரத்துக்கு நடந்த பெரிய நல்லது அதுதான் என்பேன்.

நகர நடுவிலுள்ள மைதான் சதுக்கத்தில் இன்று நீங்கள் பார்க்கும் சுதந்திரத் தூணும், தரையடிக் கடைகளுக்கு மேலே நிற்கும் கண்ணாடிக் கூரைகளும் அவர் காலத்து வேலை, 2001. பழைய கீவ்காரர்கள் அந்தக் கண்ணாடியை இன்னும் திட்டுவார்கள். சோவியத் ஆட்சி இடித்துத் தள்ளிய புனித மிகைல் மடத்துத் தேவாலயம் நீலச் சுவரும் தங்கக் குவிமாடமுமாக மறுபடி எழுந்ததும் அவர் இருந்தபோதுதான். அதை ஒருவரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. 2006 மேயர் தேர்தலில் செர்னோவெத்ஸ்கியிடம் தோற்று, குத்துச்சண்டை வீரர் கிளிச்கோவுக்கும் பின்னால் மூன்றாவதாக வந்தார். 2021-ல் கொரோனாவில் காலமானார்.

2010-ல் ஜனாதிபதி யானுகோவிச் ஆட்சி சட்டத்தைத் திருத்தி மேயர், நகர நிர்வாகத் தலைவர் என்ற இரண்டு நாற்காலிகளையும் பிரித்தது. செர்னோவெத்ஸ்கி பெயருக்கு மேயர், அதிகாரமெல்லாம் நியமனமாக வந்த பொபோவிடம். 2014-ல் கிளிச்கோ ஜெயித்த பிறகு இரண்டும் ஒருவர் கைக்கு வந்தன. 2022-ல் போர் வந்ததும் ராணுவ நிர்வாகம் தனியாக உருவானது; அதன் தலைவரை ஜனாதிபதி நியமிக்கிறார். இன்றைய உரசலுக்கு வேர் இங்கேதான்.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவு: ஊரடங்கு, பாதுகாப்பு உத்தரவு என்றால் ராணுவ நிர்வாகம் சொல்வதைக் கேளுங்கள். தண்ணீர், பேருந்து, மெட்ரோ, வீட்டு ஹீட்டிங் எல்லாம் நகர நிர்வாகம், புகாருக்கு 1551. 'கீவ் டிஜிட்டல்' செயலியை இன்றே போனில் போட்டுக்கொள்ளுங்கள். வான்தாக்குதல் எச்சரிக்கையும் பயணச்சீட்டும் அதிலேயே வரும்.