கிணற்றை அளந்து வையுங்கள்

வணக்கம் ஐயா,

மேலூர் பக்கம் எங்கள் ஊர். மலையடிவாரத்தில் கல்குவாரி வரப்போகிறது, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். நிலத்தடி நீருக்குப் பாதிப்பில்லை என்கிறது குவாரிக்காரர்கள் அறிக்கை. என் போர் 700 அடி. வற்றிவிடுமா? தூசியால் நெல் கெடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தூசியைப் பற்றிக் கூட்டத்தில் எல்லாரும் பேசுவார்கள், அதை விடுங்கள். எனக்குக் கோபம் வேறு. உங்கள் போரைத் தவிர ஊர்க் கண்மாயைப் பற்றி, பக்கத்துக் கிணறுகளைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே!

உங்கள் பக்கத்து அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, அந்தக் குன்றுகள் 72 ஏரிகளுக்கும் 200 சுனைகளுக்கும் ஆதாரம் என்று அரசே சொன்னது. பாறையில் விழுகிற மழைதான் ஓடையாக இறங்கிக் கண்மாய்க்கு வருகிறது. கழிவுக்கல்லும் மண்ணும் வரத்துக்காலை மறித்தால் கண்மாய் பெருகாது, கீழே கிணறும் ஊறாது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 73 சதவீத நிலம் கடும்பாறை. மேலே மக்கிய பாறையிலும் உள்ளே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். குவாரிக்குழி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் சுற்றுவட்டத் தண்ணீர் அதற்குள் கசியும். அதை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விடுவார்கள். உங்கள் போருக்கு எந்த வெடிப்பு தண்ணீர் தருகிறதோ, அதைப் பொறுத்தது அதன் கதி.

என் அப்பா கோடைதோறும் கிணற்றுச் சுவரில் நீர்மட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார். பக்கத்தில் குவாரி வந்து தண்ணீர் இறங்கியது. மழை குறைவு என்றார் வந்த அதிகாரி. அப்பா கோடுகளைக் காட்டினார். எந்தக் கோடு எந்த வருஷத்தது என்று கேட்டார்கள். தேதி எழுதவில்லை. அத்தோடு முடிந்தது பேச்சு. அப்பா அப்புறம் அந்தக் கிணற்றுப் பக்கமே போகவில்லை.

அதனால் சொல்கிறேன், நாளைக்கே ஒரு கயிறும் நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஊரில் இருக்கிற கிணறு அத்தனையையும் அளங்கள், பாழ்கிணற்றையும் விடாதீர்கள். மோட்டார் போடுவதற்கு முன், விடியற்காலையில் அளக்க வேண்டும். தேதி போட்டுக் கிணற்றுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். மாதாமாதம் இதைச் செய்யுங்கள். முதல் வெடி வைத்த பிறகு அளந்து பயனில்லை. வெயிலில் யார் அலைவது என்று தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள்.

குவாரிக்காரர்கள் தங்கள் அறிக்கைக்காக எந்தக் கிணற்றை எந்த மாதம் அளந்தார்கள் என்று கூட்டத்தில் கேளுங்கள். கார்த்திகையில் அளந்த மட்டத்தைச் சித்திரைக்கும் சேர்த்துச் சொல்ல விடக்கூடாது. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அந்த அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பையும் தமிழில் விளக்க வேண்டும். உங்கள் அளவுகள் அந்தக் குறிப்பில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். நோட்டின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.