சின்சில்லா கூண்டுக்கு அடியில் எதை விரிப்பது? பலகை ஆலை மரத்தூள் போதுமா?

இரண்டு சின்சில்லா (தென்னமெரிக்க ஆன்டிஸ் மலையிலிருந்து வந்த கொறிக்கும் பிராணி) வாங்கப் போகிறேன், கூண்டின் தளம் முழுக்கக் கம்பி வலை, பக்கத்துப் பலகை ஆலையில் மரத்தூளைச் சும்மாவே மூட்டை கட்டித் தருகிறார்கள், அதைக் கொட்டிவிட்டால் போதாதா, கடையில் மரச்சீவல் ஏன் அவ்வளவு விலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அந்த மூட்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். நம் தோட்டப்புற ஊர்களில் ஆலைத்தூள் என்றால் பெரும்பாலும் அது பால்மரம்தான், அதாவது ரப்பர் மரம். பால் வற்றிய கிழட்டு மரத்தை வெட்டி நாற்காலி மேசைக்கு அனுப்புகிறார்கள், நல்ல விஷயம், ஆனால் பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம், வெட்டிய கொஞ்ச நாளிலேயே வண்டும் பூஞ்சையும் ஏறிவிடும், அதனால்தான் பலகையை போராக்ஸ், போரிக் ஆசிட் கலந்த மருந்துத் தண்ணீரை அழுத்தி ஏற்றி, அப்புறம் சூளையில் காயவைக்கிறார்கள். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் அறுத்த தூள் என்றால் ஈரமாக இருக்கும், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஏற்றிய பிறகு அறுத்தது என்றால் மருந்து உள்ளேயே இருக்கும். நாற்காலி மேசை செய்யும் தளவாடத் தொழிற்சாலைத் தூள் இன்னும் மோசம், எம்டிஎஃப் என்ற மரநார் அழுத்திய பலகை, பிளைவுட், பசை எல்லாம் ஒரே குழாயில் உறிஞ்சி ஒரே மூட்டையில் விழும். தூள் நைசாக இருப்பதால் கண்ணிலும் மூக்கிலும் போகும் என்பது தனிக் கதை.

ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றால், இந்தப் பிராணி கூண்டுக்குள் இருக்கும் எதையும் வாயில் வைத்துப் பார்க்காமல் விடாது. பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தேய்க்கக் கடித்தே ஆக வேண்டும். தப்பானதை விழுங்கினால் வாந்தி எடுக்கவும் அதற்கு வராது, குடல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் எதை விரித்தாலும் இரண்டு கேள்வி போதும்: தின்றால் என்ன ஆகும், நனைந்தால் என்ன ஆகும். வறண்ட ஆன்டிஸ் மலைக்காரர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம், நமக்கு இரண்டாவதுதான் பெரிய தலைவலி. வெளியில் ஈரப்பதம் எண்பது தொண்ணூறு சதவீதம் சாதாரணமாகப் போகிற ஊர் இது. சின்சில்லாவுக்கோ ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பது அறுபது மயிர் வளரும், அந்த அடர்த்திக்குள் ஈரம் புகுந்தால் சீக்கிரம் காயாது, படை வந்துவிடும்.

இப்போது கம்பித் தளம். அதை அப்படியே விடாதீர்கள். உள்ளங்காலில் மயிர் கிடையாது, வெறும் தோல்தான், நாள் முழுக்கக் கம்பிமேல் நின்றால் சிவந்து, தடித்து, கடைசியில் புண்ணாகிவிடும். அதைவிட எனக்குப் பயம் எலும்பு முறிவு. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு நீளம், மெல்லிசு, மேலே சதையும் அதிகம் இல்லை, துள்ளிக் குதிக்கும்போது கால் கம்பி இடுக்கில் மாட்டினால் அங்கேதான் முறியும். கண்ணி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கழற்றுங்கள். கழற்ற முடியாத கூண்டு என்றால் மேலே கெட்டியாக ஒரு தளம் போட்டு மூடிவிடுங்கள். பைன் பலகை போடலாம், ஆனால் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும், நாற்றம் போகாது, கொஞ்ச நாளில் மாற்றியே ஆக வேண்டும். தொழிற்சாலை வாசலில் கிடக்கும், சரக்கு அடுக்கும் பேலட் பலகையைப் பார்த்து ஆசைப்படுவீர்கள். எச்டி (HT) என்று முத்திரை இருந்தால் சூடுகாட்டியது, எம்பி (MB) என்று இருந்தால் புகைமருந்து அடித்தது, அதைத் தொடாதீர்கள். எச்டி என்றாலும் அதன்மேல் என்ன எண்ணெய், என்ன ரசாயனம் கொட்டியதோ யார் கண்டது. நான் எடுப்பதில்லை.

என் வீட்டில் தளம் முழுக்க ஃபிலீஸ் துணிதான். போர்வை தைக்கும் அந்தப் பஞ்சு மாதிரித் துணி, மீட்டர் கணக்கில் கிடைக்கும். வெட்டிய ஓரம் நூல் பிரியாது, அதுதான் காரணம். பழைய துண்டு, பருத்தித் துணி எல்லாம் நூல் நூலாகப் பிரியும், விழுங்கும், விரலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தையும் நிறுத்தும். ஃபிலீஸ் ஈரத்தைப் பிடித்து வைக்காது, கீழே இறக்கிவிடும், அதனால் அடியில் உறிஞ்சுவதற்கு ஏதாவது வேண்டும். பழைய துண்டை அடியில் போட்டு ஃபிலீஸைத் தலையணை உறை மாதிரி முழுக்கத் தைத்து மூடிவிட்டால் அதன் வாய் துண்டுக்குப் போகாது. துவைக்கும்போது வாசனை சாஃப்டனர் வேண்டாம், போட்டால் துணி ஈரத்தை இறக்காது. மழைக்காலத்தில் காய்வது பெரும் பாடு, ஏர்கோனின் (ஏசியின்) வெளிப்பெட்டி சூடான காற்று விடும் இல்லையா, அதற்கு எதிரே கொடி கட்டினால் சீக்கிரம் காய்ந்துவிடும். துணியில் ஆரஞ்சு, சிவப்பு என்று கறை பார்த்து இரத்தம் என்று பதறாதீர்கள், மூத்திரம் காய்ந்தால் அந்த நிறத்துக்கு வருவது வழக்கம்தான். சொட்டும்போதே சிவப்பாக இருந்தால், அல்லது முக்கி முக்கிப் போனால், அப்போது டாக்டர்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சில சின்சில்லா ஃபிலீஸையும் துண்டு துண்டாகக் கடித்துத் தின்னும். அப்படி ஒன்று வாய்த்தால் துணியை எடுத்துவிட்டு மரச்சீவலுக்கு மாறுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

மரச்சீவலில் பைன் அல்லது ஆஸ்பென். பைன் என்றால் சூளையில் காயவைத்ததாக இருக்க வேண்டும், பச்சைப் பைனில் நெடியடிக்கும் ஃபீனால் வகைப் பொருட்கள் இருக்கின்றன, சூளைச் சூட்டில்தான் குறையும். பெரும்பாலான சின்சில்லா ஒரே மூலையைப் பிடித்து மூத்திரம் போகும், அந்த மூலையில் ஒரு கனமான தட்டு வைத்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் சீவல் போட்டால் ஈரத்தில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். புழுக்கை மட்டும் எங்கும் போடும், அது வறண்டது, கைத்துடைப்பத்தால் தள்ளிவிடலாம். பூனைக்கு விற்கும் பைன் குச்சி உருண்டையும் தட்டுக்கு ஆகும், ஆனால் வெறும் பைனா என்று பாருங்கள். கட்டியாக இறுகும் களிமண் பூனை மணல், சோளக்கதிர்த் துருவல், தேங்காய் நார்த்தூள் மூன்றும் வேண்டாம்: முதலாவது வயிற்றில் இறுகும், மற்ற இரண்டும் நம் ஈரத்தில் பூஞ்சைக்குப் படுக்கை. நெல் உமியைக் கோழிக்குப் போடுகிறார்களே என்பீர்கள், கூர்மையும் தூசியும் அதிகம், கோழியோடு நிற்கட்டும். பிளாஸ்டிக் பாயையும் குழந்தைகள் விளையாடும் ஃபோம் பாயையும் ஒரே இரவில் கடித்துக் குதறிவிடும்.

தின்னப் போடும் உலர்புல்லுக்குப் பதில் தோட்டத்து லாலாங் புல்லை அறுத்துப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள், அதனால் சேர்த்தே சொல்கிறேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லி இங்கே 2020-லிருந்து தடை, ஆனால் கிளைஃபோசேட் மாதிரிக் களைக்கொல்லிகளைச் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓரம் இன்னும் அடிக்கத்தான் செய்கிறார்கள். எந்த வரிசைக்கு எப்போது அடித்தார்கள் என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. திமோத்தி புல்லை வாங்கியே போடுங்கள்.

வீட்டில் மிஞ்சிய செராமிக் ஓடு அல்லது கருங்கல் துண்டு இருந்தால் கூண்டில் ஒரு மூலைக்கு வையுங்கள், குளிர்ச்சிக்கு அதன்மேல் நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போடச் சொல்பவர்கள் குளிர்ந்த வறண்ட நாட்டுக்காரர்கள். நம் காற்றில் அது வேர்த்து, கீழே விரித்ததை எல்லாம் நனைக்கும். ஓடு ஏர்கோனுக்குப் பதிலும் ஆகாது. 25 டிகிரியைத் தாண்டினாலே சின்சில்லாவுக்குக் கஷ்டம், இங்கே பகலில் 32, 33 சாதாரணம், ஆக ஏர்கோன் பகலிலும் ஓடும் வீட்டில்தான் இதை வளர்க்க முடியும். கரண்ட் பில்லுக்கு ஒத்துக்கொள்ள முடியாதென்றால் வாங்குவதையே நிறுத்திவிடுங்கள், இதில் நாசூக்காகச் சொல்ல எதுவும் இல்லை. ஏர்கோன் ஓடினால் ஈரமும் இறங்கும், விரிப்பும் அதிக நாள் தாங்கும்.

விலைக்கு வருகிறேன். கூண்டு முழுக்கச் சீவல் கொட்டினால்தான் பை பையாகப் போகும். தளத்துக்குத் துணி, மூலைத் தட்டுக்கு மட்டும் சீவல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பை நன்றாக இழுக்கும். திறந்த பையை மூடி இறுகும் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி, ஏர்கோன் அறையிலேயே வையுங்கள், அடுப்படியில் வைத்தால் எறும்பு வரும், பாச்சை உருண்டை போட்டுக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள், அது விஷம். வாங்கும்போது பையில் சூளையில் காய்ந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், சீடார் மரம் என்று இருந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.