மொழிப்பள்ளி வழியா, நேரடி முதுகலையா? ஜப்பான் செல்ல விரும்பும் மகளுக்காக ஒரு தந்தையின் கேள்வி

கேள்வி: சோமனூர் பக்கம் எங்களுக்கு 16 விசைத்தறிகள் உள்ளன, கூலிக்குக் காடா துணி நெய்து கொடுக்கிறோம். இரண்டு ஏக்கர் தோட்டமும் உண்டு. மகள் கோவையில் ஜவுளித் தொழில்நுட்பத்தில் பி.டெக். இறுதியாண்டு படிக்கிறாள், ஜப்பானில் மேற்படிப்புப் படிக்க ஆசைப்படுகிறாள். முதலில் மொழிப்பள்ளியில் சேர வேண்டும் என்றும், வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்த்தால் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் அதிலேயே ஓடிவிடும் என்றும் ஒரு முகவர் சொல்கிறார். தொடக்கச் செலவுக்குத் தோட்டத்தை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமா? நாங்கள் சைவம், அம்மிணி சாப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்று அவள் அம்மா கலங்குகிறாள்.

பதில்: ஐயா, தோட்டத்துப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவதற்கு முன்பு இந்தக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். 28 மணி நேரம் என்பது உண்மையான வரம்புதான். ஆனால் மாணவர் விசா கிடைத்தாலே வேலை பார்க்கலாம் என்பதில்லை. அதற்கென்று தனி அனுமதி பெற வேண்டும். விமான நிலையத்தில் இறங்கியவுடனேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரமும், நீண்ட விடுமுறைகளில் நாளொன்றுக்கு 8 மணி நேரமும் அனுமதி உண்டு. குறைந்தபட்சக் கூலி ஜப்பானின் எல்லா மாநிலங்களிலும் மணிக்கு 1,000 யென்னைத் தாண்டிவிட்டது. அந்த அளவிலேயே வைத்துக்கொண்டால், நான்கு வாரத்துக்கு 112 மணி நேரத்தில் ஏறக்குறைய 1,12,000 யென் வரும். ஒரு யென்னுக்கு 55 முதல் 60 காசு என்று பார்த்தால் அது 60,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. சோமனூரில் இருந்து பார்க்கும்போது அது பெரிய தொகை. அங்கே அதை யென்னிலேதான் செலவழிக்க வேண்டும். மொழிப்பள்ளிக் கட்டணம் பொதுவாக ஆண்டுக்கு 7 முதல் 8 லட்சம் யென் வரை ஆகிறது. மாதக் கணக்கில் அது ஏறக்குறைய 60,000 யென் ஆகிவிடுவதால், வருமானத்தில் பாதிக்கு மேல் பள்ளிக்கே சரியாகிவிடும். மீதியுள்ள 50,000 யென்னில் வாடகை, மின்சாரம், காப்பீடு, சாப்பாடு அனைத்தையும் சமாளிப்பது சிறிய ஊரிலும் கடினம். டோக்கியோவில் இயலவே இயலாது.

இந்தக் கணக்கும்கூட முதல் மாதத்திலிருந்தே வேலை கிடைத்தால்தான் செல்லும். ஜப்பானிய மொழி பேச வராதவர்களுக்குக் கடைகளில் வேலை கிடைப்பது அரிது. அவர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பது பெட்டிச் சாப்பாடு தயாரிக்கும் ஆலைகளின் இரவு முறை வேலைதான். ஈரோடு பக்கத்து இளைஞர் ஒருவர், விடிய விடியச் சோற்றுப் பெட்டிகளில் ஊறுகாய்த் துண்டு வைக்கும் வேலையைச் செய்துவிட்டு வந்து, காலை 9 மணி வகுப்பில் பேனாவைப் பிடித்த கையோடு உறங்கிக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வருகைப்பதிவு குறைந்துபோனதால் தங்கும் காலத்தை நீட்டிக்க முடியாமல் ஓராண்டிலேயே அவர் ஊர் திரும்பினார். அவருடைய வீட்டில் வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றது. 28 மணி நேரத்தைத் தாண்டி இரண்டு இடங்களில் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கூலி விவரம் வரிக் கணக்கில் பதிவாகிவிடுவதால், விசாவை நீட்டிக்கும் வேளையில் அது வெளியே வந்துவிடும்.

உங்கள் மகளுக்கு மொழிப்பள்ளி என்ற சுற்றுவழியே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஜப்பானிய முதுகலைக்கு 16 ஆண்டுக் கல்வி வேண்டும்; பன்னிரண்டாம் வகுப்பும் நான்காண்டு பி.டெக்.கும் சேர்ந்து அது நிறைவாகிறது. (மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களுக்கு 15 ஆண்டுகளே ஆவதால், அவர்கள் பல்கலைக்கழகத்தில் தகுதி ஆய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.) அரசு நிதியில் இயங்கும் தேசியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென்; முதலாண்டில் மட்டும் சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென். அதாவது, முதுகலைப் பட்டத்துக்கான ஆண்டுக் கட்டணம் மொழிப்பள்ளிக் கட்டணத்தைவிடக் குறைவு. இதை முகவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஜவுளி படித்தவருக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டிய இடம் நாகானோ மாநிலத்தில் உள்ள உஎதா என்ற ஊர். 1910-இல் பட்டுப்புழு வளர்ப்புக் கல்லூரியாகத் தொடங்கியதுதான் இன்று ஷின்ஷு பல்கலைக்கழகத்தின் ஜவுளி அறிவியல் புலமாக அங்கே வளர்ந்து நிற்கிறது. ஜவுளிக்கென்றே தனிப் புலம் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் ஜப்பானில் அது ஒன்றுதான். டோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். பட்டால் செழித்த ஊர் அது. மழை குறைவு, குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கும். கியோட்டோ தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்திலும் இழைகள் தொடர்பான ஆராய்ச்சி உண்டு.

அங்கே சேர்வதற்கான வழி, நம் ஊர்க் கலந்தாய்வு முறையிலிருந்து முற்றிலும் வேறானது. முதலில் ஒரு பேராசிரியர் உங்கள் மகளை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். பலர் முதலில் ‘கென்க்யூசெய்’ எனப்படும் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து நுழைவுத் தேர்வு எழுதி முதுகலைக்குள் செல்கிறார்கள். எனவே பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலே பாதி வேலை. ஒரே வாசகத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் பதில் வராது. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு, தான் என்ன ஆராய விரும்புகிறாள் என்பதை மகள் அரைப் பக்கத்தில் எழுத வேண்டும். அதற்கான பொருள் உங்கள் தறிக்குடோனிலேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் காற்றில் ஈரம் வற்றியதும் பருத்திப் பாவு ஏன் அடிக்கடி அறுகிறது, சைசிங்கில், அதாவது பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும்போது, கஞ்சியின் கலவையை மாற்றினால் அது எவ்வளவு குறையும் என்ற கேள்வியைச் சிறு வயதிலிருந்தே இழை முடிந்து பழகிய பெண் எழுதும்போது, அந்த எழுத்தில் இருக்கும் உறுதியை வேறு யாராலும் கொண்டுவர முடியாது. ஆய்வகத்தில் ஆங்கிலத்தில் பணியாற்ற முடியுமா என்பதையும் அந்த மடலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஜப்பான் அரசின் ‘மெக்ஸ்ட்’ உதவித்தொகைக்கும் கட்டாயம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தூதரகம் வழியான தேர்வுக்கு அறிவிப்பு வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. தேர்வானவர்கள் அடுத்த ஆண்டில் புறப்படுவார்கள். கல்விக் கட்டணம், விமானச் செலவு இரண்டையும் அந்த அரசே ஏற்பதோடு, ஆய்வு மாணவருக்கு மாதம் ஏறக்குறைய 1,43,000 யென் கிடைக்கும். போட்டி கடுமையானது. இதற்காக ஓராண்டு காத்திருந்தாலும் அது வீணான ஆண்டு ஆகாது. ஒரு நூற்பாலையில் பணி அனுபவம் பெற்றுக்கொண்டே மொழியைப் படிக்கலாம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. மிக எளிதான ஐந்தாம் நிலையில் தொடங்கி, அடுத்ததான நான்காம் நிலையை முடித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

இனி கடன். தோட்டத்தை அடமானமாக ஏற்க வங்கிகள் பெரும்பாலும் தயங்கும். வாராக் கடனை நீதிமன்றம் செல்லாமலே வசூலிக்க வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதே காரணம். வீடு, வீட்டுமனை, வைப்புத்தொகை போன்றவற்றைக் கேட்பார்கள். 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமலே கல்விக் கடன் தரும் நடைமுறை உள்ளது. நேரடி முதுகலை என்றால் முதலாண்டுக் கட்டணத்துக்கும் தொடக்கச் செலவுக்கும் அந்த வரம்பே போதுமானதாக இருக்கலாம். 2024-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே என்பதால், அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

கடனைவிட உங்களுக்குத் தலைவலியாகக்கூடியது வருமானச் சான்று. ஜப்பானியக் குடிநுழைவுத் துறை தரும் தகுதிச் சான்றிதழ் இருந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். அதற்குச் செலவை ஏற்பவரின் வங்கி இருப்பும் வருமான விவரமும் கேட்கப்படலாம். நெசவுக் கூலி ரொக்கமாகவே கைமாறுகிறது என்றால், இந்த ஆண்டிலிருந்தே அதை வங்கிக் கணக்கு வழியாக வாங்கி, வருமான வரிக் கணக்கையும் தவறாமல் தாக்கல் செய்யுங்கள். உறவினரிடம் ஒரு வாரத்துக்குக் கைமாற்று வாங்கி இருப்புக் காட்டுவது நம் பக்கத்தில் சகஜம். அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று அவர்கள் கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது.

பெயரையும் இப்போதே சரிபாருங்கள். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயராக மாறியிருக்கும். ஜப்பானில் வங்கி முதல் மருத்துவமனை வரை குடும்பப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். நான் உடன் சென்றிருந்த ஒரு மாணவி, வங்கியில் ‘கருப்புசாமி-சான்’ என்று மூன்று முறை கூப்பிட்டும், அப்பாவை யார் இங்கே கூப்பிடப்போகிறார்கள் என்று எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தார். எல்லா ஆவணங்களிலும் ஒரே பெயர்தான் என்பதற்குச் சான்று தயாராக இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்ததும், தங்குமிடம் முடிவான 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர வேண்டும். சேர்ந்தபின் சிகிச்சைச் செலவில் 30 விழுக்காடு மட்டும் நம் பொறுப்பு. இருபது வயது நிறைந்தவர்கள் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்ந்தாக வேண்டும். மாணவர்களுக்கு அதில் சலுகை உண்டு, ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

அம்மா கேட்ட சாப்பாட்டு விஷயம் சாதாரணமானதன்று. ‘இறைச்சி இல்லை’ என்று சொல்லித் தரும் சூப்பிலும் குழம்பிலும்கூட, உலர்ந்த மீனைச் செதுக்கிக் கொதிக்கவைத்து வடித்த ‘தாஷி’ என்ற சாறு சேர்ந்திருக்கும். ஆகவே சைவமாக இருப்பவர் தன் கையால் சமைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சமையலறை உள்ள விடுதி அறையைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டு மிக்சியையோ கிரைண்டரையோ கொடுத்தனுப்ப வேண்டாம். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட், நம் 230 வோல்ட் இயந்திரம் அதில் சரியாக ஓடாது. பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் தாவரத் தடுப்புச் சோதனையில் நின்றுவிடும். பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, மிளகு, சீரகம் ஆகியவற்றைக் கடையில் வாங்கிய சிறு பொட்டலங்களாக, உறை பிரிக்காமல், பெட்டியின் மேல்தட்டிலேயே வைத்து அனுப்புங்கள். சுங்கத்தில் கேட்டால் உடனே எடுத்துக் காட்டிவிடலாம்.