மேரி கியூரி ஃபெல்லோஷிப்: ஜெர்மனியில் 14 மாதம் இருந்தவர் மறுபடி அங்கேயே விண்ணப்பிக்கலாமா?

முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் இந்த உதவித்தொகைக்கு, ஜெர்மனியில் ஏற்கெனவே 14 மாதம் இருந்ததால் அங்கே மறுபடி விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்று பேராசிரியர் சொன்னதாகக் கேட்டிருந்தீர்கள். மொத்தம் 14 மாதம் என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். விண்ணப்பக் கெடு நாளுக்கு முந்தைய 36 மாதத்துக்குள் ஜெர்மனியில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருந்தாலோ வேலை, படிப்பு என்று இருந்திருந்தாலோதான் அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு விண்ணப்பிக்க முடியாது. அதற்கு முந்தைய மாதங்கள் கணக்கில் வராது.

“தகுதியில்லை” என்று உங்கள் பேராசிரியர் சொன்னது, அநேகமாக மொத்தத்தையும் கூட்டிப் பார்த்ததால் இருக்கும்.

1. கெடு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஃபெல்லோஷிப் தொடங்கும் நாளிலிருந்து அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான்.

2. பாஸ்போர்ட் முத்திரையோடு, அங்கே நகராட்சியில் முகவரி பதிந்த சீட்டையும் எடுத்துப் பாருங்கள். ஊர் திரும்பும் அவசரத்தில் பதிவை நீக்காமல் வந்திருந்தால், காகிதத்தில் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். வந்த தேதிக்கு வேறு சான்று எடுத்து வையுங்கள்.

விடுமுறைக்குப் போன சிறு பயணங்கள் சேராது.

கணக்கு 12-ஐத் தாண்டினால் அடம்பிடிக்க வேண்டாம். ஆஸ்திரியாவிலோ நெதர்லாந்திலோ ஓர் ஆய்வு வழிகாட்டியைப் பிடித்து, பழைய ஜெர்மன் ஆய்வகத்தைத் தற்காலிகப் பணியிடமாகச் சேருங்கள். ஃபெல்லோஷிப் காலத்தில் மூன்றில் ஒரு பங்குவரை அங்கே இருக்கலாம். விதிகள் ஆண்டுக்காண்டு மாறும், எனவே இந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.