வீட்டின் கடைசி ரூமுக்கு வைஃபை எட்டவில்லை, ரிப்பீட்டர் வாங்கினால் சரியாகுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். வாசல் கதவுக்குப் பக்கத்திலோ டிவிக்குப் பின்னாலோதான் இருக்கும், பந்தயமே கட்டுவேன். கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததோ, அதை ஒட்டி இருந்த ப்ளக் பாயின்டிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அடுத்த வீட்டுக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

நான் எஞ்சினியர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்பவள். 'இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்' என்று யாராவது கீழே கேட்பதற்குமுன் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலேயே எஞ்சினியர்கள் உண்டு. பெங்களூரில் ஐடியில் இருக்கும் கொழுந்தன், 'அண்ணி, பேசாம மெஷ் வாங்கிடுங்க, பன்னிரண்டாயிரம்தான் ஆகும்' என்றான். மெஷ் என்றால் வீட்டில் அங்கங்கே வைக்கும் இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்வது. 'தான்' என்ற அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. என் வீட்டுக்காரரோ ஒரு மாதம் போகட்டும், அதுவாகவே சரியாகும் என்றார். கடைசியில் சரிசெய்தது நான்தான். அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மதுரையில் எங்களுடையது வாடகை வீடு. நீளவாக்கில் ஹால், ரூம், இடைவழி, அடுப்படி, அப்புறம் அத்தையின் ரூம். நடுவே எல்லாம் பழைய காலத்து ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். ரௌட்டர் இருந்தது ஹாலில், டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டுக்குள், பக்கத்திலேயே இரும்பு பீரோ. அதன்மேல் அத்தை கையால் பின்னிய ஒரு குரோஷா துணி வேறு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததில் ஒரு லைட்டே தெரியாமல் போயிருந்தது.

அத்தையின் மகள், அதாவது என் நாத்தனார், மஸ்கட்டில் இருக்கிறார். தினமும் ராத்திரி வீடியோ காலில் பேச்சு. அத்தை ரூமில் படம் உறைந்து நின்றுவிடும் என்பதால் அவர் ஹாலுக்கு வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில்தான் பேசுவார். பேரன் ப்ளஸ் டூ பாடத்தை எடுத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு மாடிக்கு ஓடிவிடுவான். தெருவுக்கே கேட்கும். எங்கள் வீட்டில் என்ன குழம்பு, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எல்லாம். 'ஏத்தா, என் ரூமுக்கு மட்டும் இது வரமாட்டேங்குது, நான் என்ன பாவம் செஞ்சேன்?' என்று ஒரு நாள் கேட்டார். அன்றுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

உங்கள் ரௌட்டர் இரண்டு அலைவரிசையில் ஓடுகிறதா என்று பாருங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. 5-இல் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4-இல் வேகம் குறைவு, தூரம் போகும். தூரத்துக் கோயில் மேளத்தில் நாதஸ்வரம் காதுக்கு எட்டாவிட்டாலும் தவிலின் 'தம்'மென்ற சத்தம் எட்டிவிடுகிறதே, அப்படி. இதில் இன்னொரு சிக்கல், மைக்ரோவேவ் அவனும் கிட்டத்தட்ட 2.45-இல்தான் வேலை செய்கிறது. பால் சுடவைக்கும் நேரத்தில் மட்டும் நெட் தடுமாறினால் காரணம் அதுவாக இருக்கலாம். இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி எல்லாம் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், மீன் தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்தால் உடனே எடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, போனை ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்து வேகம் பார்ப்பது. அங்கேயே உங்கள் ப்ளானின் வேகம் வரவில்லை என்றால் கோளாறு வைஃபையில் இல்லை, லைனில் அல்லது ரௌட்டரில். கம்பெனிக்குப் போன் போடுங்கள். பக்கத்தில் சரியாக வந்து உள்ளே போகப் போகத்தான் குறைகிறது என்றால் மேலே படியுங்கள். எங்கள் வீட்டில் ஹாலில் 95 எம்பிபிஎஸ், அத்தை ரூமில் 3.

அப்புறம் ஆண்ட்ராய்டில் 'வைஃபை அனலைசர்' என்று தேடினால் இலவச ஆப்கள் நிறைய வரும். அதில் சிக்னல் மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 50 என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது. மைனஸ் 67 வரை வீடியோ கால் ஓடும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ரூம் ரூமாக நடந்தால் எந்தச் சுவரில் சிக்னல் சாகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். எங்களுக்கு பீரோவைத் தாண்டியதுமே பாதி போயிருந்தது.

ரௌட்டரை இடைவழிக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு நடு அதுதான், பரண் விளிம்பில் உயரமாகவும் இருக்கும். கம்பெனிக்குப் போன் செய்தால், இடம் மாற்றப் பணம் கட்ட வேண்டும், ஆள் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது என்றார்கள். கடைசியில் தெருமுனையில் கேபிள் வேலை பார்க்கும் அண்ணன்தான் நீளமான ஃபைபர் பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் பின் வைத்தே வரும் ஃபைபர் ஒயர்) வாங்கி வந்து மாட்டிக்கொடுத்தார். நீங்களே மாட்டுவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஒயரை மடக்கக்கூடாது, வளையலை விடச் சின்ன வளைவு வேண்டாம், உள்ளே இருப்பது கண்ணாடி இழை. பச்சை நிற முனையின் நுனியை விரலால் தொடக்கூடாது, கண்ணில் வைத்து உற்றுப் பார்க்கவும் கூடாது.

சுவரில் ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தால் ஒயர் அழகாகப் போயிருக்கும். ஹவுஸ் ஓனர் விடவில்லை. காலண்டர் மாட்டவே எங்களுக்கு ஆணி அடிக்க உரிமை கிடையாது. சொல்ல வந்தது வேறு, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிறார்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரியில் அமலுக்கும் வந்துவிட்டது. அந்த 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாக' என்ற சந்தில்தான் எல்லா ஓனர்களும் குடியிருக்கிறார்கள். இதற்கு முந்தைய வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் அடிக்க, குழாய் மாற்ற என்று ஒரு பெரிய தொகையைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். நாங்கள் குடிவந்தபோது அந்தக் குழாய் எப்படி ஒழுகியது என்று போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதைப் பார்க்கக்கூட மாட்டேன் என்றார்கள். சரி, விடுங்கள். ஒயரைக் கதவுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர் வழியாகக் கொண்டுபோனோம். பார்க்க அவ்வளவு லட்சணமாக இல்லை. ஓனர் வந்தால் அதன்மேல் மாலை மாதிரி தோரணம் தொங்கும்.

ஆன்டெனாக்களை நேராக நிமிர்த்தி வையுங்கள். நிமிர்ந்த ஆன்டெனாவிலிருந்து சிக்னல் பக்கவாட்டில்தான் பரவும், வானத்தைப் பார்த்துப் போகாது. மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்கவைத்துப் பாருங்கள். பிறகு போன் பிரவுசரில் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து (முகவரி பெரும்பாலும் 192.168.1.1, பாஸ்வேர்டு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்) 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தேன். அத்தை போன் 2.4-இல், மற்றவை 5-இல். பெயரைப் பிரிக்கக்கூடாது, போனே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். உங்கள் போன் தேர்ந்தெடுக்கலாம், அத்தையின் பழைய போன் தேர்ந்தெடுக்கவில்லை. 2.4-இல் சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தடத்தை, 1, 6, 11 என்ற மூன்றில் எது காலியோ அதில் வையுங்கள். இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. எங்கள் தெருவில் பாதிப்பேர் 6-இல் இருந்தார்கள்.

இப்போது அத்தை ரூமில் 30-க்குக் குறையாமல் வருகிறது. வீடியோ காலுக்கு அது தாராளம். கதவைச் சாத்திக்கொண்டுதான் மஸ்கட்டோடு பேசுகிறார். முன்பெல்லாம் ஹாலில் உட்கார்ந்து பேசும்போது என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாமல் இருந்தது, அந்தக் குறையும் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு தொல்லைதான் பாக்கி. ராத்திரி படுக்கப்போகுமுன் 'சும்மா எதுக்கு எரியுது' என்று ரௌட்டர் சுவிட்சை அணைத்துவிடுவார். மாடியில் படித்துக்கொண்டிருக்கும் பையன் கத்துவான். சுவிட்சின்மேல் செலோடேப் ஒட்டிப் பார்த்தோம், பிய்த்துவிட்டு அணைத்தார்.

ரிப்பீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அது தன்னிடம் வந்து சேரும் சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும். செத்த ரூமில் கொண்டுபோய் மாட்டினால் செத்த சிக்னலைத்தான் பரப்பும். பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். விலை குறைந்த ரிப்பீட்டர்கள் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகமும் பாதியாகிவிடும்.

மாற்றியும் போதவில்லை என்றால் பரணில் பழைய ரௌட்டர் கிடக்கிறதா பாருங்கள். அதில் டிஎச்சிபியை (ஒவ்வொரு போனுக்கும் முகவரி எண் கொடுக்கும் வேலை, அதைப் புது ரௌட்டரே பார்த்துக்கொள்ளும்) அணைத்து, அதன் ஐபி எண்ணை, அதாவது அதன் சொந்த முகவரியை, புது ரௌட்டரோடு மோதாத மாதிரி மாற்றி, ஒரு லேன் ஒயரில் இரண்டின் லேன் போர்ட்டையும் இணைத்தால் அதுவே இன்னொரு வைஃபை ஆகிவிடும். கேட்-6 என்ற வகை லேன் ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீடு அதற்குள் அடங்கும். எங்கள் மாடிக்கு இதைத்தான் செய்திருக்கிறோம்.

மெஷ் மோசம் என்று நான் சொல்லவில்லை. கொழுந்தன் இதைப் படித்தால் அதையும் சேர்த்துப் படிக்கட்டும். மூன்று மாடி வீடாக இருந்து ஒயரும் இழுக்க முடியாது என்றால் அதை வாங்கித்தான் ஆகவேண்டும். உங்கள் வீட்டில் ஃபைபர் எந்தப் பக்கம் வருகிறது, கடைசி ரூமுக்கு நடுவில் எத்தனை சுவர் என்று கேள்வியில் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.